மண்டியிடுபவனுக்கும் காவல்

2016 செப்டம்பர் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா நகரக் காவலர் சங்கம் ஒரு கடிதம் எழுதியது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணியின் அரங்கம் அந்த நகரத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் நாள்களில் அங்கே பாதுகாப்பு வேலை பார்க்கும் காவலர்கள், வழக்கமான பணி நேரத்துக்கு வெளியே விருப்பத்தின்பேரில் வருபவர்கள். கடிதத்தின் சாரம் இதுதான்: கோலின் கேப்பர்னிக் மீது அணி நிர்வாகம் நடவடிக்கை எடுக்காவிட்டால், எங்கள் ஆட்கள் இனி அந்த அரங்கத்துக்கு வேலைக்கு வராமல் போகலாம்.

கேப்பர்னிக் செய்தது பலருக்கும் தெரிந்த கதை. ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலித்தபோது அவர் எழுந்து நிற்கவில்லை. முதலில் உட்கார்ந்திருந்தார், பிறகு ஒற்றைக் காலில் மண்டியிட்டார். கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமையோடு எழுந்து நிற்க முடியாது என்றார். தெருவில் உடல்கள் கிடக்கின்றன, சுட்டவர்களோ சம்பளத்தோடு விடுப்பில் போகிறார்கள் என்றார். 2017 தொடக்கத்தில் ஃபோர்ட்டி நைனர்ஸை விட்டு வெளியேறிய பிறகு எந்த அணியும் அவரை ஆட்டத்தில் இறக்கவில்லை. அவர் தியாகியா துரோகியா என்று ஆயிரம் கட்டுரைகள் வந்துவிட்டன. எனக்கு அந்தக் கடிதம் எழுதியவர்கள்மீதுதான் ஆர்வம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மண்டியிடுகிறார், இந்தப் பக்கம் சீருடையில் ஒருவர் நிற்கிறார். மண்டியிட்டவர் யாரைக் குற்றம் சாட்டுகிறாரோ, அவரேதான் அரங்கத்துக்குக் காவல். அந்தக் காவலர் என்ன நினைக்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, என்ன செய்ய வேண்டும்?

போலிஸைத் திட்டுவது நம் தலைமுறைக்கு ரொம்ப சுலபம். அதனால் முதலில் அவருடைய இடத்தில் நின்று பார்ப்போம்.

2016 ஜூலை 5 அன்று லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங் போலிஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில். இருவரும் கறுப்பினத்தவர்கள். இரண்டுமே கைப்பேசிக் காணொளியாக உலகம் முழுக்கப் போனது. அதற்கு மறுநாள், ஜூலை 7, இந்த மரணங்களைக் கண்டித்து டல்லஸ் நகரில் அமைதியான ஊர்வலம் நடந்தது. அதற்குக் காவலாக நின்ற போலிஸ்காரர்கள்மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஐந்து காவலர்கள் செத்துப்போனார்கள். தங்களைக் கண்டித்துக் கோஷம் போட்டவர்களுக்குப் பாதுகாப்பாக நின்றபோது செத்தவர்கள் அவர்கள். சுட்டவனுக்கும் ஊர்வலம் போனவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தச் சவப்பெட்டிகளைத் தூக்கியவர்களின் மனசில் அந்தக் கோடு எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்?

அப்போது டல்லஸ் காவல்துறைத் தலைவராக இருந்த டேவிட் பிரவுன் ஒரு கறுப்பினத்தவர். 2010இல் அவருடைய சொந்த மகன் ஒரு காவலரையும் இன்னொருவரையும் சுட்டுக் கொன்று, போலிஸின் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனான். போலிஸால் மகனை இழந்தவர் அவர். போலிஸைக் கொன்றவனின் அப்பாவும் அவர்தான். இப்போது ஐந்து சக காவலர்களையும் இழந்து நிற்கிறார். இப்படி ஒரு மனிதர் இருக்கும்போது, 'போலிஸ் தரப்பு', 'மக்கள் தரப்பு' என்று பலகை மாட்டி ஆட்களைப் பிரித்து நிறுத்திவிட முடியாது.

டல்லஸ் நடந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் மாத இறுதியில் கேப்பர்னிக் உட்கார்ந்திருந்தது செய்தியானது. கூடவே இன்னொரு படமும் வெளிவந்தது: பயிற்சியின்போது அவர் போட்டிருந்த காலுறைகளில் போலிஸ் தொப்பி வைத்த பன்றிகள். ஆக, சாந்தா கிளாரா காவலரின் கோபம் வானத்திலிருந்து குதித்ததல்ல. அதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் உள்ள கோபம் என்பதால் அது கேட்டதெல்லாம் நியாயம் ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கோபத்துக்குள் மூன்று தனித்தனி முறையீடுகள் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்று, என் நாட்டை அவமதித்தாய். இரண்டு, யாரோ செய்ததற்கு எங்கள் எல்லாரையும் சேர்த்துக் குற்றம் சாட்டினாய். மூன்று, என்னை இப்படிச் சொன்ன உனக்கு நான் ஏன் காவல் நிற்க வேண்டும்? மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கேப்பர்னிக் உட்கார்ந்ததைப் பார்த்து மனம் நொந்தவர்களில் நேட் போயர் ஒருவர். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர், பிறகு காற்பந்தும் ஆடியவர். அவர் கேப்பர்னிக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதற்குப் பதில் மண்டியிடலாம் என்ற யோசனை அந்தப் பேச்சில்தான் பிறந்தது. இறந்த தோழனின் கல்லறை முன் படைவீரர்கள் மண்டியிடுவது உண்டு. செப்டம்பர் 1 அன்று சான் டியாகோவில் கேப்பர்னிக் மண்டியிட்டபோது, பக்கத்தில் போயர் நெஞ்சில் கை வைத்து நின்றார். அவமதிப்பு குறையட்டும் என்று தேடிக் கண்டெடுத்த வடிவம் அது. கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

வரலாற்றைப் பார்த்தால் அது எப்போதுமே குறைந்ததில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் நின்றுகொண்டேதான் தலை குனிந்து, கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். 1996இல் கூடைப்பந்து ஆட்டக்காரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் கீதத்துக்கு எழுந்து நிற்காததால் ஓர் ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டார். நின்றாலும் தப்பு, உட்கார்ந்தாலும் தப்பு, மண்டியிட்டாலும் தப்பு. அப்படியென்றால் சிக்கல் உடம்பு எடுத்த வடிவத்தில் இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் வேறு ஏதோ சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

'சொல்லட்டும், வேற நேரத்துல சொல்லட்டுமே' என்பார்கள். ஆனால் தேசிய கீதம் ஒலிக்கும் அந்த ஓரிரு நிமிடம், நாடு தன்னைப் பற்றித் தானே பேசும் நேரம். 'நான் இப்படிப்பட்டவள்' என்று நாடு சொல்லும்போது, 'என்னிடம் நீ அப்படி இல்லையே' என்று பதில் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் எது?

மரியாதையைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே யோசித்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது என அது தீர்ப்பளித்தது 1943 ஜூன் 14 அன்று. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த காலம், அதிலும் அந்நாட்டின் கொடி நாள். வழக்குத் தொடுத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப்பிரிவினர். மூன்று ஆண்டுக்கு முன்புதான் அதே நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்பவன். எங்கள் இடத்தில் ஓர் அழுத்தமானி எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணைக் காட்டினால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். அது பழுது என்று எழுதி வைத்துவிட்டுக் கழற்றுவார்கள். நிற்காமல் இருக்க யாருக்கும் வழியில்லாத இடத்தில், எல்லாரும் நிற்கிறார்கள் என்ற காட்சி நாட்டுப்பற்றைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நம் ஊரில் 1968ஆம் ஆண்டு தேசிய கீதச் சட்டம் இருக்கிறது. தெரிந்தே அவமரியாதை செய்தால் நூறு வெள்ளிவரை அபராதம் அல்லது ஒரு மாதம்வரை சிறை. அந்தச் சட்டம் இருப்பதால் நாம் நெகாராகூவை அதிகம் நேசிக்கிறோமா? சபைக்கூடலில் வெயிலில் நின்று பாடிய பிள்ளைகளுக்கு அதன் பதில் தெரியும். நேசித்தவன் சட்டம் தெரியாமலேயே நேசித்தான்.

இரண்டாவது முறையீடு இன்னும் கனமானது. 'நான் யாரையும் சுடல. இருபது வருசமா யார்கிட்டயும் கை நீட்டல. எனக்கு எதுக்கு இந்தப் பழி?' இதை ஒரு நல்ல போலிஸ்காரர் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் சீருடையின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதரை அவருடைய தனிப்பட்ட குணத்திலிருந்து பிரித்து, ஒரு பொது அதிகாரத்தின் உருவமாக நிறுத்துவதுதான் அதன் வேலை. ரோட்டில் கையைக் காட்டினால் நாம் காரை நிறுத்துவது, அந்த ஆள் நல்லவர் என்று தெரிந்ததாலா? சட்டையைப் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்த்து வைத்த மரியாதை அந்தச் சட்டையில் இருக்கிறது. அதைப் போட்ட முதல் நாளே ஒருவருக்கு அந்த மரியாதை முழுசாகக் கிடைக்கிறது. சம்பாதிக்காத மரியாதையை வாங்கிக்கொண்டவர், சம்பாதிக்காத பழியில் ஒரு பங்கை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இங்கே எல்லை ஒன்றும் உண்டு. டல்லஸில் சுட்டவன் சட்டையைப் பார்த்துத்தான் சுட்டான். சட்டைக்குள் இருந்தது மனிதர்கள். பழியில் பங்கு என்று நான் சொல்வது பதில் சொல்லும் பொறுப்பை மட்டும்தான். அதனால்தான் மண்டியிட்டதையும் அந்தக் காலுறையையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மண்டியிடுதல் நாட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி. காலுறை ஒரு தொழிலைச் செய்யும் மனிதர்களைப் பார்த்துச் சொன்ன வசவு. கெட்ட போலிஸ்காரர்களைத்தான் அது குறிக்கிறது என்று கேப்பர்னிக் விளக்கம் சொன்னார். பன்றியின் படத்தில் அந்த விளக்கம் இல்லையே. ஒட்டுமொத்தமாக ஒரு கூட்டத்தை முத்திரை குத்தாதே என்று சொல்ல வந்தவர், தானும் அதைச் செய்யாமல் இருக்கக் கடன்பட்டவர்.

எங்கள் ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓட்டம் நின்றுவிடும், நஷ்டம் வரும். மட்டமான மேற்பார்வையாளர் ஓடி வந்து கேட்கும் முதல் கேள்வி, 'யார் அழுத்துனது?' நல்லவர் கேட்பது, 'என்னா ஆச்சு?' மண்டியிடுதலை நான் அப்படிப்பட்ட பொத்தானாகத்தான் பார்க்கிறேன். இயந்திரம் கோபித்துக்கொள்ளாது, மனிதர் கோபித்துக்கொள்வார் என்ற வித்தியாசம் உண்மைதான். ஆனால் கோபம் வந்த பிறகும் இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவது முறையீட்டுக்கு வருவோம். உனக்கு நான் ஏன் காவல் நிற்க வேண்டும்?

என் சித்தப்பா முப்பது வருடம் போலிஸில் இருந்து சார்ஜனாக ஓய்வு பெற்றவர். இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கை ஒரு வாரம்கூடத் தவறவிடாதவர். 2020 ஜூனில் ஆட்டம் தொடங்குமுன் எல்லா ஆட்டக்காரர்களும் மண்டியிட ஆரம்பித்தபோது, 'இவனுங்க ஏன்டா முட்டி போடறானுங்க?' என்று கேட்டார். கேப்பர்னிக்கில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தா கிளாரா கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

'வரமாட்டோம்னு சொன்னானுங்களா?'

'வராமப் போகலாம்னு எழுதினாங்க, சித்தப்பா.'

'திட்டறவன் வீட்டுல திருடன் பூந்தாலும் நாமதானேடா போவணும். மரியாத குடுத்தாதான் வருவேன்னா, அவன் போலிஸ் இல்ல, ஜாகா. சம்பளம் குடுக்குறவனுக்கு மட்டும் கேட்டத் தெறக்கிறவன்.'

கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'ஆனா வலிக்காதுன்னு நெனைக்காதே' என்றார். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணிக்கு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கூடியபோது அவருக்குப் பணி இருந்தது. வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அன்றைக்குத்தான் ஒன்று சொன்னார். 'கூட்டத்துல ஒரு ஆயா என்னப் பாத்து, நீயும் நம்ம புள்ளதானேப்பான்னு கேட்டுச்சு.'

'நீங்க என்ன சொன்னீங்க?'

'டியூட்டில என்னாடா சொல்றது? கையப் புடிச்சு ஓரமா ஒக்கார வச்சேன்.'

சித்தப்பா தத்துவம் படித்தவரில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் முடிச்சை அந்த 'ஜாகா' என்ற ஒரு சொல்லில் அவிழ்த்துவிட்டார். அணி உரிமையாளர் தனியார் முதலாளி. நிற்கச் சொல்ல அவருக்கு இடமிருக்கிறது, ரசிகர் டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருக்கலாம், விளம்பரம் தரும் நிறுவனம் விலகிக்கொள்ளலாம். இவை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரிலும் இப்படி விலகிக்கொள்ள முடியாத ஒருவர் உண்டென்றால் அது போலிஸ்காரர்தான். அவர்தான் அங்கே அரசு. அமெரிக்காவில் காவலர்கள் பதவியேற்கும்போது உறுதிமொழி எடுப்பது அரசியலமைப்புச் சட்டத்தைக் காப்பதாக. கொடியையும் கீதத்தையும் பிடிக்காதவன் அதைச் சொல்லவும் உரிமை தரும் அதே சட்டம்தான் அது. ஆக, அந்த மண்டியிடுதலால் நொந்துபோக மற்ற எல்லாரையும்விட அவருக்கு அதிகக் காரணம் இருக்கிறது. அந்த நோவை வைத்துக் காரியம் செய்ய மற்ற எல்லாரையும்விட அவருக்குக் குறைவான உரிமைதான் இருக்கிறது. இது கொடுமையான வேலைதான். ஆனால் துப்பாக்கியை ஒருவர் கையில் கொடுப்பதற்கு நாம் கேட்கும் விலையும் அதுதான்.

விருப்பப்பணிதானே, வராமல் இருக்க உரிமை இல்லையா என்று கேட்கலாம். தனியாளாக ஒருவர் 'இந்த ஞாயிறு எனக்கு வேண்டாம்' என்று வீட்டில் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு சங்கமே கூடி, 'அவனைத் தண்டி, இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை' என்று எழுதும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் எழுபதாயிரம் பேரின் பத்திரமும் ஒருவருடைய வாயை அடைக்கும் விலையாகிவிடுகிறது. அந்த நகரக் காவல்துறைத் தலைவருக்கு இது புரிந்திருந்தது. கேப்பர்னிக்கின் செயலால் தன் துறையில் பலருக்கு வருத்தமும் கோபமும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். மக்கள் பாதுகாப்பை முதலில் வைக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.

அடுத்த வருடம் கிளீவ்லாண்டில் இதே முடிச்சு விழுந்தது. அது டமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தபோது 2014 நவம்பரில் போலிஸால் சுடப்பட்டு இறந்த ஊர். சுட்டவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. 2017 ஆகஸ்ட் 21 அன்று அந்த ஊரின் பிரவுன்ஸ் அணியைச் சேர்ந்த ஒரு டஜன் ஆட்டக்காரர்கள் வட்டமாக மண்டியிட்டார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில் கொடி பிடிக்கமாட்டோம் என்று காவலர் சங்கம் அறிவித்தது. பிறகு அணியினரும் காவல்துறையினரும் பேசினார்கள். செப்டம்பர் 10 அன்று ஆட்டக்காரர்களும் காவலர்களும் ஒன்றாகவே மைதானத்துக்குள் வந்தார்கள்.

இதை மகிழ்ச்சியான முடிவாக நான் காட்ட விரும்பவில்லை. கைகோத்து நடந்ததால் டமிர் ரைஸ் திரும்பி வரவில்லை. ஆனால் கொடி பிடிக்க மறுத்தது காவல் காக்க மறுப்பதைப்போல அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கொடி பிடிப்பது மரியாதை, காவல் காப்பது கடமை. தன் மரியாதையைப் பிடித்து வைத்துக்கொண்டு, 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்ல போலிஸ்காரருக்கும் உரிமை உண்டு. சொல்லப்போனால் அதுவும் ஒருவகை மண்டியிடுதல்தான். தன் வலியைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் அதே உரிமையைத்தான் ஆட்டக்காரரும் கேட்கிறார். அந்த ஒற்றுமை தெரிந்த பிறகுதான் இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார முடியும்.

அதே ஆகஸ்ட் மாதம் புரூக்ளினில் நியூயார்க் காவல்துறையைச் சேர்ந்த பல டஜன் அதிகாரிகள் கேப்பர்னிக்குக்கு ஆதரவாகக் கூடி முஷ்டியை உயர்த்தினார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் அந்தத் துறையின் லஞ்ச ஊழலை அம்பலப்படுத்திய ஃபிராங்க் செர்பிகோவும் அவர்களோடு நின்றார். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாப் போலிஸ்காரரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கமாட்டேன். மண்டியிடக் கட்டாயப்படுத்துவது, நிற்கக் கட்டாயப்படுத்துவதைவிட எந்த விதத்திலும் உயர்ந்ததில்லை. கேப்பர்னிக் சொல்வது தப்பு என்று ஒரு காவலர் மனதார நம்பலாம். கீதம் ஒலிக்கும்போது நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க நிற்கலாம். டல்லஸில் செத்தவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

நான் அவரிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். கூட்டத்திலிருந்து எவனாவது அந்த மண்டியிட்ட மனிதரை அடிக்க இறங்கி வந்தால், குறுக்கே போய் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, 'என்னா ஆச்சுன்னு இவன் இப்படிச் செய்றான்?' என்று ஒரு முறையாவது தனக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது அவர் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கும் போலிஸ்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த தலைமுறையில் ஒருவர் மண்டியிட வேண்டி வருமா இல்லையா என்பது இருக்கிறது.